தருமபுரியில் இருந்துகொண்டே மயக்கவியல் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் மயக்கவியல் முதுநிலை படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது, தேர்வுக்குப் பத்து மாதம் இருக்கிறது. சென்னையில் இருக்கும் நண்பர்களுக்கு வாரத்தில் மூன்று வகுப்பு, மாதாமாதம் மாதிரி வைவா (வாய்மொழித் தேர்வு) என்று நடக்கிறது. எனக்கு டியூட்டி மட்டும்தான் நடக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது. தியரிக்கும் பிராக்டிக்கலுக்கும் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

உங்கள் நண்பர்களுக்கு உங்களைவிடக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான், தம்பி. எதிரில் உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்க ஓர் ஆள். புத்தகம் எல்லாருக்கும் ஒன்றுதான், அது போனிலேயே இருக்கிறது. கேஸ் என்று பார்த்தால் உங்கள் கைக்குத்தான் அதிகம் வரும். மூச்சுக்குழாய்க்குள் ஒரு ட்யூப் போட ஐந்து பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் நீங்கள் இல்லை. ஆகவே இந்தப் பத்து மாதத்தில் முதலில் தேட வேண்டியது உங்களைக் கேள்வி கேட்கும் ஆட்களை.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருப்பவன். பிஜி பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், வைவா மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை பிராக்டிக்கலில் தோற்றும் இருக்கிறேன். அன்றைக்கு எக்ஸாமினர் என் கையில் ஒரு பெயின் (Bain) சர்க்யூட்டை, அதாவது நோயாளிக்கு வாயு கொண்டுபோகும் குழாய்க்குள் குழாயை, கொடுத்தார். இந்த மாதிரி சர்க்யூட்டுகளை மேப்பிள்சன் வகைப்படுத்தியது 1954, பெயின் வந்தது 1972, நாமே மூச்சுக் கொடுக்கும்போது நிமிடத்தில் கிலோவுக்கு 70 மில்லி வாயு போதும் என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப கையில இருக்கிறதை பேஷன்ட்டுக்குப் போடலாமா, பார்த்துச் சொல்லுங்க" என்றார். உள் குழாய் கழன்றிருந்தால் மொத்தக் குழாயும் டெட் ஸ்பேஸ் ஆகிவிடும், விட்ட மூச்சே திரும்ப உள்ளே போகும் என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சோதிப்பது என்றும் படித்திருந்தேன். ஆனால் ஒரு தடவைகூட நானே செய்து பார்த்தது கிடையாது. தினமும் காலையில் டெக்னீஷியன் அண்ணன் பார்த்து வைத்துவிடுவார். உள் குழாயின் நுனியை அடைத்தால் ஃப்ளோமீட்டரின் பாபின் (உள்ளே மிதக்கும் காட்டி) லேசாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். அரை நிமிட வேலை. குழாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஆறு மாதம் அந்த டெக்னீஷியன் அண்ணன்தான் எனக்கு ஆசிரியர். மெஷின் செக் முழுவதையும் அவர் முன்னால் நான் செய்வேன், ஒவ்வொரு படிக்கும் அவர் "எதுக்கு சார்?" என்பார். அவர் தெரியாமல் கேட்டாரா, வேண்டுமென்றே கேட்டாரா என்பது இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

எனவே நாளைக் காலை முதல் மெஷின் செக் உங்கள் வேலை. சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ஹவுஸ் சர்ஜன் யாராவது நின்றால் அவரை விடாதீர்கள். கேஸ் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம், ஒரு மருந்தைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். ஹவுஸ் சர்ஜன் கேட்கும் கேள்விகள் பேராசிரியர் கேட்பதைவிட மோசமானவை, ஏனென்றால் அவை அடிப்படையில் போய் நிற்கும். "ஸ்பைனல் போட்டா ஏன் சார் பிபி இறங்குது?" என்பதற்கு இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேச முடிந்தால் அடிப்படை அறிவியலான முதல் தாளில் ஒரு கேள்வி முடிந்தது. வேறு கல்லூரிகளில் படிக்கும் இரண்டு பேரைப் பிடித்து, இரவு ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் போனில் வைவா வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் போதும். ஐந்து பேர் சேர்ந்தால் அது அரட்டை ஆகிவிடும்.

இதில் ஆங்கிலம் ஒரு தனிப் பிரச்சினை, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். விஷயம் தெரியும், வார்த்தை வராது. எக்ஸாமினர் அதை விஷயம் தெரியாததாக எடுத்துக்கொள்வார். நானும் அப்படி வந்தவன்தான். ஒரே வழி, கேஸ் பிரசன்டேஷனின் முதல் ஐந்தாறு வாக்கியங்களைப் போனில் பதிவுசெய்து, நீங்களே கேட்டு, மறுபடி பதிவுசெய்வது. முதல் தடவை உங்கள் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பத்தாவது தடவை எங்கே இழுக்கிறீர்கள், எங்கே "ஆக்சுவலி" போடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். தொடக்கம் தடையில்லாமல் வந்துவிட்டால் மீதி தானாக வரும்.

அடுத்தது கேஸ். உங்கள் வார்டில் படுத்திருப்பவர்களைவிட நல்ல பாடப்புத்தகம் சென்னையில் கிடையாது. மிகையாகத் தெரிந்தால் ஃப்ளோரோசிஸை, தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோயை, எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் நாற்பது ஐம்பது வருடம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்த பெரியவர்கள் இன்றும் குடலிறக்கத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் ஆபரேஷனுக்கு வருகிறார்கள். பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்ததுமே முதுகையும் கழுத்தையும் பார்க்கத் தோன்ற வேண்டும்.

இந்த ஒரு நோயாளியை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். முதுகெலும்பின் தசைநார்கள் எலும்பாகிப் போயிருந்தால் நடுக்கோட்டில் ஸ்பைனல் ஊசி போகாது. நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து குத்தும் பாராமீடியன் வழியை எப்போது எடுப்பீர்கள்? டெய்லர் வழி எந்த இடைவெளியில்? எல்5-எஸ்1, எல்லாவற்றிலும் அகலமானது. கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது ஏற்கெனவே இருக்கிறதா என்று ஊசிக்கு முன்பே எழுதி வைத்தீர்களா? இல்லையென்றால் நாளைக்கு அந்தப் பழி ஸ்பைனல் மேல்தான் விழும். சரி, ஜெனரல் கொடுக்கலாம் என்றால் கழுத்து பின்னால் சாயவில்லை, விலா எலும்புகள் இறுகி மார்பு விரியவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது? அப்புறம் ஒரு நல்ல எக்ஸாமினர் கட்டாயம் இங்கே வந்து நிற்பார்: "இவருக்கு செவோஃப்ளுரேன் கொடுப்பீர்களா?" மயக்க வாயுவான செவோஃப்ளுரேன் உடம்பில் 5 சதவீதம் வரை சிதைந்து ஃப்ளோரைடு அயனியை விடுகிறது. பழைய மெத்தாக்சிஃப்ளுரேன் பாதிக்கு மேல் சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுத்தது. ரத்தத்தில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 50 மைக்ரோமோல் என்ற எல்லை அந்தக் காலத்தில் வந்தது. செவோவில் ரத்த அளவு சில சமயம் அந்த எல்லையைத் தாண்டியும் அதே பாதிப்பு வரவில்லை. மெத்தாக்சிஃப்ளுரேன் சிறுநீரகத்துக்குள்ளேயே சிதைந்தது என்பதை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். இவ்வளவையும் ஒரு பல் கறையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தீர்கள் என்றால் எக்ஸாமினர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

பூச்சிமருந்து குடித்துவிட்டு வரும் கேஸும் அப்படித்தான். இரவு டியூட்டியில் அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டால் அலுப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் மாற்று மருந்தான அட்ரோபின் எப்போது போதும் என்பதை வாயால் சொல்லிக்கொண்டே கொடுங்கள். 0.6 மில்லிகிராம் ஆம்பூல் மூன்று உடைத்துத் தொடங்கினோம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குகிறோம்; பார்ப்பது நெஞ்சு தெளிகிறதா, நாடி 80-க்கு மேல் வருகிறதா, மேல் பிபி 80-ஐத் தாண்டுகிறதா, அக்குள் காய்கிறதா என்று. கண்மணியை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். இவருக்கு ட்யூப் போட, தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் ஏன் யோசிக்க வேண்டிய மருந்து? அதை உடைக்க வேண்டிய சூடோகோலினெஸ்டரேஸ் நொதியையே பூச்சிமருந்து முடக்கிவிட்டது, சில நிமிடத்தில் போக வேண்டிய மருந்து மணிக்கணக்கில் நிற்கும். மூன்றாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால், தாமதமாக வரும் தசைப் பலவீனமான இன்டர்மீடியட் சின்ட்ரோம். கோலினெஸ்டரேஸ் பற்றி முதல் தாளில் எது கேட்டாலும் அந்த ஒரு நோயாளியின் முகம் உங்கள் ஞாபகத்துக்கு வரும், பதிலும் வரும். கட்டுவிரியன் கடித்து இமை தொங்கிக்கொண்டு வருபவரிடம் நரம்பு தசை சந்திப்பையும், தொப்பூர் கணவாயிலிருந்து வரும் விபத்து கேஸில் தலைக்காயத்தையும் கழுத்தெலும்பையும் இப்படியே படித்துக்கொள்ளலாம்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவர் செய்யும் பரிசோதனையான பி.ஏ.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் மனப்பாடமாக "மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா?" என்று கேட்கிறீர்கள். பாலக்கோடு பக்கத்து ஓட்டு வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு மாடியே கிடையாது. அவர் "இல்லைங்க" என்பார், நீங்கள் நான்கு மெட்ஸுக்கு (உடல் உழைப்பைத் தாங்கும் அளவு) மேல் என்று எழுதிவிடுவீர்கள். கிணற்று மேட்டிலிருந்து புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வருவீர்களா, இந்த வருடம் தீர்த்தமலை ஏறினீர்களா, பாதியில் உட்கார்ந்தீர்களா என்று கேளுங்கள். லாங் கேஸில் எக்ஸாமினர் "எப்படிக் கணித்தீர்கள்?" என்று கேட்கும்போது இந்தப் பதிலைச் சொல்பவர், தானே நோயாளியிடம் பேசியவர் என்று தெரிந்துவிடும்.

இயற்பியல் என்றாலே பயப்படுகிறீர்கள். எதற்கு? நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் உங்கள் வீட்டு சமையல் காஸ் சிலிண்டர் மாதிரிதான். உள்ளே திரவம், மேலே ஆவி. திரவம் தீரும் வரை பிரஷர் கேஜ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். எவ்வளவு மிச்சம் என்று அறிய எடைதான் போட வேண்டும். வீட்டில் தூக்கிப் பார்க்கிறோமே, அது. வேகமாகத் திறந்துவிட்டால் சிலிண்டர் ஜில்லிட்டு வெளியே வியர்க்கும், அது ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். இனி ஒரு படி மேலே போங்கள். நைட்ரஸின் கிரிட்டிக்கல் வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாத வெப்பநிலை, 36.5 டிகிரி. மே மாதம் தருமபுரியில் மதியம் வெயில் அதைத் தாண்டும். அப்போது வெயிலில் வைத்த சிலிண்டருக்குள் திரவம் என்று தனியாக எதுவும் இருக்காது. வெப்ப நாடுகளில் நிரப்பும் விகிதத்தை 0.75-லிருந்து 0.67 ஆகக் குறைப்பது இதனால்தான். ஆக்சிஜனுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் கிரிட்டிக்கல் வெப்பநிலை மைனஸ் 118, ஆகவே சிலிண்டருக்குள் எப்போதும் வாயுதான், கேஜ் காட்டுவதே கணக்கு.

கணக்கு என்றதும் ஒன்று. நிறைந்த பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் ஏறக்குறைய 1500 லிட்டர். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு நோயாளியை அனுப்புகிறீர்கள், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுகிறது, கேஜ் பாதியில் நிற்கிறது. 75 நிமிடம்தான் வரும். தொப்பூரில் லாரி கவிழ்ந்து கிடந்தால்? இன்னொரு சிலிண்டர் இல்லாமல் வண்டியை எடுக்க விடாதீர்கள். இதே கணக்கைத்தான் மேசையில் பாயில் விதி என்று கேட்பார்கள்.

ஆக்சிஜனோடு வெளிக்காற்றை அளவாகக் கலந்து கொடுக்கும் வெஞ்சுரி மாஸ்க்கும் அப்படியே. காவேரிப்பட்டணம் பக்கம் சொட்டுநீர் போட்டிருக்கும் எந்த மாந்தோப்புக்காவது போங்கள். உரக்கரைசலை உறிஞ்ச ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள், பெயரே வெஞ்சுரிதான். குறுகின இடத்தில் தண்ணீர் வேகமாகப் போகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, பக்கக் குழாய் உரத்தை இழுக்கிறது. தோட்டக்காரருக்கு பெர்னூலியைத் தெரியாது, ஆனால் துளையில் அடைப்பு வந்தால் என்ன ஆகும் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். மாஸ்க்கில் ஆக்சிஜன் வேகமாகச் சீறி வெளிக்காற்றை இழுப்பதை அவருக்கு விளக்கிப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால் எக்ஸாமினருக்குப் புரியாமல் போகாது.

தியரிக்கு வருவோம், இதில் சொல்ல அவ்வளவு இல்லை. எம்.டி. ஆனாலும் டி.என்.பி. ஆனாலும் நான்கு தாள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், 3 மணி நேரம். எம்.டி.க்கு ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 சதவீதம், நான்கும் சேர்ந்து 50 வேண்டும். ஆகவே அடிப்படை அறிவியல் தாளைத் தள்ளிவிட்டு மற்றதில் ஈடுகட்டலாம் என்ற கணக்கு பலிக்காது. வினாத்தாள் எப்படிப் பிரிந்திருந்தாலும் மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். பத்து மதிப்பெண் கேள்விக்கு 18 நிமிடம், பதினைந்துக்கு 27. பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான்: தெரிந்த முதல் கேள்விக்கு முக்கால் மணி நேரம் கவிதை எழுதுவார்கள், கடைசி இரண்டு கேள்வி வெற்றுத்தாள். வாரம் ஒருநாள், பழைய வினாத்தாளில் மூன்று கேள்வியை எடுத்து, அலாரம் வைத்து, பேனாவால் எழுதுங்கள். போன் தட்டிப் பழகிய கைக்கு மூன்று மணி நேரம் எழுதுவதே ஒரு உடற்பயிற்சி. முப்பது படங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில் வரையப் பழகுங்கள். கேப்னோகிராஃப் (விடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு வரைபடம்), ஆக்சிஜன் பிரிகைக் கோடு, வேப்பரைசரின் உள்பக்கம், பிரேக்கியல் பிளெக்சஸ், குரல்வளையின் நரம்புகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். திருத்துபவர் கடைசிக் கட்டைத் திருத்தும்போது களைத்திருப்பார், படம் அவர் கண்ணை நிறுத்தும்.

பெரிய புத்தகம் முழுவதையும் படிக்கப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரு சின்னப் புத்தகத்தை மூன்று முறை. சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் பெரியது. டியூட்டி முடிந்த மதியம் படிக்க உட்கார்ந்து, வராத படிப்புக்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை இன்றோடு நிறுத்துங்கள். தூங்குங்கள். மறுநாள் காலை ஐந்து முதல் ஏழு வரை படிக்கும் இரண்டு மணி நேரம் அந்த மதியம் முழுவதற்குச் சமம். தீசிஸை எம்.டி.க்குத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்தாக வேண்டும், அதாவது உங்களுக்கு நான்கே மாதம். புள்ளிவிவரக்காரரைத் தேடிக் கடைசி வாரத்தில் அலைபவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம்.

வைவாவில் எப்படி நடந்துகொள்வது? உங்களால் காப்பாற்ற முடியாத வார்த்தையை நீங்களாக வாயில் எடுக்காதீர்கள். அரிய நோயான போர்ஃபிரியாவை இழுத்து "போர்ஃபிரியாவும் இருக்கலாம் சார்" என்று சொன்னால் அடுத்த பத்து நிமிடம் போர்ஃபிரியாதான். சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) இறங்குகிறது என்று கேட்டால் அரிய காரணத்தில் தொடங்காதீர்கள். 100 சதவீதம் ஆக்சிஜன், உதவிக்குக் கூப்பிடுவேன், பையை நானே பிழிந்து பார்ப்பேன், கேப்னோ பார்ப்பேன், இரண்டு பக்கமும் மூச்சொலி கேட்பேன் என்று தியேட்டரில் கை எந்த வரிசையில் போகுமோ அந்த வரிசையில் வாய் போகட்டும். தெரியாவிட்டால் "தெரியவில்லை சார்" என்று சொல்லுங்கள். டோஸை ஊகித்துச் சொல்வதுதான் மன்னிக்க முடியாத குற்றம். வேறு துறையில் அது தவறான விடை, நம் துறையில் அது ஒரு சிரிஞ்சு. வருடம், பெயர் எல்லாம் ஊறுகாய் அளவுக்குப் போதும். வாயைத் திறக்கச் சொல்லி ட்யூப் போடுவது கடினமா என்று கணிக்கும் மல்லம்பட்டி வகைப்பாடு 1985, அவர் நம் பக்கத்து ஆந்திராக்காரர். பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடக் கற்றுக்கொடுத்த அப்கார் நம் துறைக்காரர். இப்படி ஒன்றிரண்டு தெரிந்தால் மேசையில் ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான் அதன் பயன்.

உங்களைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்றேனே, முதல் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். பென்னாகரம் பக்கத்து விவசாயி, 62 வயது, பல்லில் பழுப்புக் கறை, கழுத்து பாதிதான் சாய்கிறது. அடைபட்ட குடலிறக்கம், இரவு இரண்டு மணி. ஸ்பைனல் மூன்று முறை முயன்று கிடைக்காமல் ஜெனரலுக்கு வந்துவிட்டீர்கள். தசையைத் தளர்த்த ரோக்குரோனியம் போட்டாயிற்று. லாரிங்கோஸ்கோப்பில் எபிகிளாட்டிஸ் (குரல்வளை மூடி) நுனி மட்டும் தெரிகிறது, இரண்டு முயற்சி முடிந்துவிட்டது. சாச்சுரேஷன் 91, இறங்கிக்கொண்டிருக்கிறது. அறையில் நீங்கள், சர்ஜன், ஒரு டெக்னீஷியன். கதவைச் சாத்திக்கொண்டு, எழுந்து நின்று, சத்தமாகச் சொல்லுங்கள்: உங்கள் முதல் வாக்கியம் என்ன, அதை யாரைப் பார்த்துச் சொல்வீர்கள்?